கறள்: குளிர்காலத்தில் காரின் அடிப்பாகத்தைக் கழுவுவது பற்றி

நவம்பர் கடைசியில் வானம் வெளித்திருக்கும் ஒரு காலையில், ரொறன்ரோ வீதிகளில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். சீப்பால் இழுத்ததுபோல, வீதியின் நீளத்துக்கு வரிசையாக ஓடும். நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அதை ஏதோ வீதி அடையாளம் என்று நினைப்பார்கள். அது உப்பு. நாளைக்குப் பனி கொட்டும் என்று அறிவிப்பு வந்தால், இன்றைக்கே லொறிகள் உப்புக் கரைசலைத் தெளித்துவிட்டுப் போகும். தண்ணீர் காய்ந்து உப்பு தங்கும். அந்தக் கோடுகளைக் காணும் நாளில் என் காருக்குக் குளிர்காலம் தொடங்கிவிட்டதாக நான் கணக்கு வைப்பேன். வெளியே ஒரு துளி பனிகூட விழுந்திருக்காது.

தமிழ்நாட்டில் துரு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது கறள். கடற்கரை ஊரில் வளர்ந்தவனுக்குக் கறளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யன்னல் கம்பி, சைக்கிள் சில்லு, கிணற்றுக் கப்பி என்று உப்புக்காற்று பட்டதெல்லாம் ஒரு மாரிக்குள் செம்மண் நிறமாகிவிடும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய்ச் சீலையால் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். இங்கே ஒரு பெரிய நன்னீர் ஏரியின் கரையில் வந்து குடியேறிய பிறகு, அந்தச் சீலையை மறந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நான் வைத்திருந்த இரண்டாவது காருக்கு அப்போது பதினொரு வயது. ஒரு மார்ச் மாத மாலையில் சிவப்பு விளக்குக்காகப் பிறேக்கை மிதித்தேன். மிதி தரைவரை இறங்கிவிட்டது. முன்னால் வாகனம் எதுவும் இல்லாததால் தப்பினேன். காரை உயர்த்திப் பார்த்த மெக்கானிக், பின் சில்லுக்குப் போகும் பிறேக் குழாயை விரலால் தொட்டுக் காட்டினார். பப்படம்போல உதிர்ந்தது. மேலே பெயின்ற் பளபளவென்று இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அதைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? ரொறன்ரோவுக்கு மேற்கே, ஹியூரன் ஏரிக்கரையில் கோடரிச் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 1866இல் அங்கே பெற்றோலிய எண்ணெய் தேடித் துளை போட்டவர்களுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை, உப்புப் படுகைதான் கிடைத்தது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இந்த நிலத்தை மூடியிருந்த ஒரு கடல் வற்றியபோது விட்டுப்போன உப்பு அது. இன்று ஏரியின் அடியில், சுமார் 550 மீற்றர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் அங்கே இயங்குகிறது. எல்லைக்கு அப்பால் டெற்றொயிற் நகரத்துக்கு அடியிலும் இப்படியொரு சுரங்கம் உண்டு. கனடா முழுவதிலும் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 50 இலட்சம் தொன் உப்பு வீதிகளில் கொட்டப்படுவதாக 2001இல் கனடிய சுற்றாடல் அமைச்சின் மதிப்பீடு சொன்னது. ஆறு, ஏரி, மண் எல்லாவற்றுக்கும் அது தீங்கு என்றும் அதே மதிப்பீடு முடிவு கட்டியது. ஆனாலும் உப்பை நிறுத்த முடியவில்லை. ஐஸ் படிந்த வீதியில் உயிர்கள் போகும். அந்த உயிர்களுக்கான விலையில் ஒரு பங்கை எங்கள் கார்கள் கட்டுகின்றன. அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ட்ரிபிள் ஏ 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, வீதி உப்பினால் வரும் கறளைத் திருத்த அந்த நாட்டு ஓட்டுநர்கள் வருடத்துக்கு 300 கோடி டொலர் செலவழிக்கிறார்கள்.

உப்பு பனியைச் சூடாக்குவதில்லை. தண்ணீர் எந்தக் குளிரில் உறையுமோ, அந்த எல்லையைக் கீழே இறக்குகிறது. 23 சதவீத உப்புக் கரைசல் மைனஸ் 21 பாகை வரை உறையாமல் நிற்கும். உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தப் பலன் கிடைக்காது. லொறிகள் தெளிக்கும் கரைசலையும் ஏறக்குறைய அந்த 23 சதவீதத்துக்கே கலக்கிறார்கள். ஆனால் வீதிக்குப் போனால் கதை வேறு. பனி உருகிச் சேரச் சேரக் கரைசல் நீர்த்துப் போகும். மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு சோர்ந்துவிடும். அப்போதுதான் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். சில இடங்களில் பீற்றூட் சாறும் சேரும். அது உப்பை வீதியோடு ஒட்டிப் பிடித்துவைக்க உதவும். காரோடும் அதே மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

காரைப் பொறுத்தவரை இந்த இடத்தில்தான் நிலைமை மோசமாகிறது. மாரிகாலத்தில் சமையலறை உப்புப் போத்தல் தானாகக் கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கத் தொடங்கும். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். கல்சியம் குளோரைட்டும் வறண்ட காற்றிலிருந்துகூட ஈரம் எடுக்கும். அதாவது இந்த உப்புகள் படிந்த தகரம், மழையே இல்லாத நாளிலும், பார்ப்பதற்குக் காய்ந்திருந்தாலும், உள்ளே ஈரமாகவே இருக்கும். பழைய நாட்களில் கல்லாகக் கொட்டிய உப்பு ரயரில் அடிபட்டுத் தெறித்து விழுந்துவிடும். இப்போது தெளிக்கும் கரைசல், ரயர் சுழலும் வேகத்தில் புகைபோலக் கிளம்பி, இரண்டு தகரங்கள் மடிந்து சேரும் இடுக்குகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இரும்பு கறள் பிடிப்பது ஒரு சின்னப் பற்றரி வேலை செய்வது போன்றது. ஓரிடத்தில் இரும்பு மின்னணுக்களைக் கொடுக்கிறது, இன்னோரிடத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவும் தண்ணீரும் அதை வாங்குகின்றன. இடையில் மின்னைக் கடத்த ஒரு திரவம் வேண்டும். சுத்தமான தண்ணீர் அதை மெதுவாகச் செய்யும். உப்புத் தண்ணீர் பலமடங்கு வேகமாகச் செய்யும். உலோகத்தின் மேலே இயல்பாகப் படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் உப்பிலுள்ள குளோரைட் குத்திக் கிழித்துவிடும். உண்டாகும் கறள் இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிப்பதால், பெயின்றை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளம் போட வைக்கும். வெளியே ஒரு மிளகளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு ரூபாய்க் குற்றியளவு போயிருக்கும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது மிகையல்ல.

இந்த வேலைக்கு வெப்பமும் வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பொதுவாக 10 பாகை கூடும்போது இப்படியான வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மைனஸ் 20இல் வீதியோரம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும் கார் பார்க்கப் பரிதாபமாக இருக்கலாம், ஆனால் அதில் கறள் ஊர்வது மிக மெதுவாகத்தான். அதே கார் பிளஸ் 4 ஆகும் அன்றைக்குத்தான் அரிக்கப்படுகிறது. எல்லாம் உருகி, ஈரமாகி, இடுக்கெல்லாம் ஓடும். வெயில் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நாங்கள் மூச்சு விடும் நாள் அது.

சூடாக்கிய கராஜுக்கும் இதே கணக்குத்தான். காரைக் குளிரில் விட மனமில்லாமல், ஒவ்வொரு நாளும் உப்புச் சேறோடு கொண்டுபோய் 15 பாகைச் சூட்டில் நிறுத்தினால், இரவு முழுவதும் அது உருகிச் சொட்டிக்கொண்டிருக்கும். கறளுக்கு ஈரமும் சூடும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும். அடுக்குமாடி வீடுகளின் நிலக்கீழ்த் தரிப்பிடமும் இப்படித்தான். பற்றரிக்கும், காலையில் கிளம்புகிறவரின் கைகளுக்கும் சூடான கராஜ் நல்லது, மறுக்கவில்லை. உள்ளே விடுவதற்கு முன் காரின் அடியை அலசிவிட்டால் அந்தச் சுகத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. முடியாவிட்டால், நிலத்தில் தேங்கும் உப்புத் தண்ணீரையாவது வெளியே தள்ளிவிட வேண்டும். குட்டையாகக் கிடந்தால் அது ஆவியாகி மேலே காரின் அடியிலேயே ஈரமாகப் படியும்.

கார்களிலிருந்து சொட்டும் அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. வடக்கே எலியட் லேக் நகரத்தில் ஒரு கடைத்தொகுதியின் கூரையையே கார் தரிப்பிடமாகக் கட்டியிருந்தார்கள். கூரை தொடக்கத்திலிருந்தே ஒழுகியது. முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தண்ணீரும், கார்கள் கொண்டுவந்த உப்பும் உள்ளே இறங்கி இரும்பு உத்தரங்களின் இணைப்பைத் தின்றுகொண்டிருந்தன. 2012 ஜூன் 23ஆம் திகதி, கோடைகாலத்தில், கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். கட்டடத்தைத் தாங்கும் உத்தரத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத காரின் தகரம் எம்மாத்திரம்?

நாளைக்கும் பனி கொட்டத்தானே போகிறது, இன்றைக்கு எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மாமா ஒருவர் இப்போதும் அப்படித்தான் சொல்வார். அழகுக்காகக் கழுவுவதென்றால் அவர் சொல்வது சரி. குளிர்காலத்தில் கழுவுவது உப்பை எடுப்பதற்கு. நேற்றைய உப்பு இன்றைக்கு வேலை செய்கிறது. அதை இன்றைக்கு எடுத்துவிட்டால் நாளைக்கு வருவது புதுக்கணக்கு. பத்து நாளுக்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்லலாம். நான் நாட்காட்டியைவிட வெப்பநிலையைத்தான் பார்ப்பேன். மைனஸ் 12, மைனஸ் 9, மைனஸ் 10, அப்புறம் பிளஸ் 3 என்று ஒரு வரிசை தெரிந்தால், அந்த பிளஸ் 3 நாளின் காலையில் கார் வாஷில் நிற்பேன். மத்தியானம் போனால் அரை மணி நேரம் வரிசை. மாலையில் போனால் காய்வதற்குள் இருட்டி உறைந்துவிடும்.

வீட்டில் கழுவ இங்கே பெரும்பாலும் வழியில்லை. குழாய் வெடிக்காமலிருக்க, வீட்டுக்கு வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயை ஒக்ரோபரிலேயே உள்ளேயிருந்து பூட்டிவிடுவோம். வாளியில் கொண்டுவந்து ஊற்றினால் வாசல் ஐஸாகிவிடும். தபால்காரர் வழுக்கி விழுவார். வீதியோர வடிகாலில் இறங்கும் சவர்க்காரத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது என்பதும் ஒரு காரணம். ஆகவே கார் வாஷ்தான். தூரிகை சுழலும் இடத்தைவிட, தண்ணீரின் அழுத்தத்தாலேயே கழுவும் இடம் இந்தக் காலத்தில் நல்லது. முன்னால் போன கார்களின் மணலும் உப்பும் தூரிகையில் ஒட்டியிருந்தால் அது பெயின்றில் கீறும். எதைத் தேர்ந்தாலும், அடிப்பாகத்தைக் கீழிருந்து பீச்சிக் கழுவும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில டொலர்களை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மெழுகு, நுரை, வாசனை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், அடிப்பாகக் கழுவலை விடாதீர்கள். பல இடங்களில் தண்ணீரை வடிகட்டித் திரும்பப் பாவிக்கிறார்கள். வடிகட்டி மண்ணைப் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. கடைசி அலசல் புதுத் தண்ணீரிலா என்று வேலை செய்பவரிடம் கேட்பதில் தவறில்லை.

காசு போட்டு நாங்களே பீச்சும் இடங்கள்தான் எனக்கு மிகவும் விருப்பம். நேரத்தில் பாதியைக் காரின் மேலே செலவழிக்காமல், குழாயைச் சில்லுகளுக்குப் பின்னால் மட்கார்ட்டின் உள்வளைவில் விடுவேன். அங்கேதான் சேறும் உப்பும் அப்பமாகக் கட்டியிருக்கும். அப்புறம் கதவுகளுக்குக் கீழே ஓடும் படியின் அடிவிளிம்பு, பின் பம்பரின் உள்பக்கம், பின் சில்லுகளின் முன்னால் இருக்கும் மூலை. ஓடி வரும் தண்ணீர் முதலில் பழுப்பாக இருக்கும். தெளியும்வரை விடக் கூடாது.

கழுவி முடிந்ததும் ஐந்து நிமிட வேலை இருக்கிறது. பலர் இதைச் செய்யாமல் போய், மறுநாள் கதவு திறக்காமல் நிற்பார்கள். நான்கு கதவுகளையும் பின்கதவையும் திறந்து, ஓரத்து இறப்பர்களைத் துவாயால் துடைக்க வேண்டும். பெற்றோல் மூடியையும் மறக்கக் கூடாது. மின்சாரக் காரென்றால் சார்ஜ் செய்யும் வாயை. இறப்பரில் மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கோன் பூசினால் ஒட்டாது. பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, ஆளில்லாத இடத்தில் சில தடவை மெதுவாகப் பிறேக் பிடித்தால் தகடுகள் காயும். அன்றிரவு கடுங்குளிர் என்றால் கைப் பிறேக்கை இழுக்காமல், சமதரையில், கியரில் நிறுத்துவது நல்லது. ஈரமான கேபிள் உறைந்தால் விடாது. மைனஸ் 10க்குக் கீழே உள்ள நாளில் எப்படியும் கழுவ வேண்டாம். கண்ணாடியிலுள்ள ஐஸைக் கரைக்க ஒருபோதும் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம்; குளிர்ந்த கண்ணாடி ஒரே நொடியில் வெடிக்கலாம். பனியைத் தும்புத்தடியாலோ சவளாலோ தள்ளுபவர்களை இப்போதும் காண்கிறேன். பெயின்றில் விழும் ஒவ்வொரு கீறலும் உப்புக்குத் திறந்துவிட்ட வாசல். நுரைத்தலை வைத்த தள்ளுகோல் பெரிய விலையில்லை.

காப்பு வேலை எல்லாம் குளிருக்கு முன்னால் நடக்க வேண்டியது. செப்ரெம்பரிலோ ஒக்ரோபரிலோ, காரை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, கல் பட்டுத் தெறித்த புள்ளிகளுக்குப் பெயின்ற் தொட்டு, மேலே ஒரு நல்ல மெழுகோ செயற்கைப் பூச்சோ போட்டுவிட்டால் உப்பு எளிதில் பிடிக்காது. பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவினால் அந்த மெழுகு கழன்றுவிடும். இப்போது செராமிக் பூச்சுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பெயின்றுக்கு அது நல்லதுதான். ஆனால் கார் சாவது பெயின்றால் இல்லை, அடியால். செராமிக் அங்கே போவதில்லை.

அடிக்கு நான் நம்புவது எண்ணெய். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் காரை உயர்த்தி, அடியெங்கும், கதவுகளுக்குள்ளும் படிகளுக்குள்ளும், மெல்லிய கறள்காப்பு எண்ணெயைப் பீச்சுவார்கள். க்ரௌன், ரஸ்ட் செக் போன்ற கனடிய நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. செம்மறி ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து செய்த களிம்பை வாங்கித் தாங்களே பூசுபவர்களும் உண்டு. எண்ணெய் ஒரு கிழமைக்கு வாசலில் சொட்டும், மணக்கும். சொட்டுகிறதென்றால் அது இடுக்குகளுக்குள் ஊர்ந்துபோகிறது என்றுதான் அர்த்தம். அப்பாவின் எண்ணெய்ச் சீலை செய்த வேலையேதான். இதற்கு மாறாக, தார்போலக் கெட்டியாகக் காயும் கறுப்புப் பூச்சைப் பழைய காருக்குப் பூச வேண்டாம். ஓரிரு வருடத்தில் அது வெடிக்கும். வெடிப்புக்குள் போன உப்புத் தண்ணீர் வெளியே வராமல், பூச்சுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருந்து இரும்பைத் தின்னும். மேலே பார்த்தால் எல்லாம் கறுப்பாக, நன்றாகவே தெரியும்.

மின்சாரம் அனுப்பிக் கறளைத் தடுப்பதாகச் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்றையும் புதுக் கார் வாங்கும்போது தலையில் கட்டப் பார்ப்பார்கள். அந்த முறை கப்பலுக்கும் நிலத்தில் புதைத்த குழாய்க்கும் உண்மையிலேயே உதவுகிறது, ஏனென்றால் அவை முழுதாகத் தண்ணீரிலோ ஈரமண்ணிலோ இருக்கின்றன, மின்சுற்று முடிகிறது. கார் நிற்பது காற்றில். அந்தப் பணத்துக்கு நான்கைந்து வருட எண்ணெய் அடிக்கலாம்.

புதுக் கார்கள் கறள் பிடிக்காது என்ற நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. 1980களில் தகரத்துக்கு நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசுவது பரவிய பிறகு நிலைமை மிகவும் மாறியது. ஔடி 80 காரை 1986இல் முழுவதுமாக முலாம் பூசிய உடலோடு வெளியிட்டார்கள். ஆனால் சட்டகம், பிறேக் குழாய், பற்றவைத்த மூட்டுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் காப்பு ஒரே அளவில் இல்லை. டொயோட்டாவே தன் ரக்கோமா முதலிய வண்டிகளின் சட்டகம் கறள் பிடித்த விவகாரத்தில், 2016இல் அமெரிக்காவில் சுமார் 15 இலட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டொலர் வரை செல்லக்கூடிய ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. கம்பனி தரும் கறள் உத்தரவாதத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளிருந்து தகரம் ஓட்டையாகினால்தான் அது செல்லும். கொப்புளம், மேல்கறள், பிறேக் குழாய் எல்லாம் உங்கள் கணக்கு.

வெளியை இவ்வளவு பார்ப்பவர்களும் உள்ளே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு ஆளும் ஏறும்போது சப்பாத்தில் உப்புச் சேற்றைக் கொண்டுவருகிறார். துணி விரிப்பு அதைக் குடித்து, அடியிலுள்ள நுரையில் சேர்த்து, கோடைவரை ஈரமாக வைத்திருக்கும். தரைத் தகரம் மேலிருந்தும் அரிக்கப்படும். காலையில் கண்ணாடியின் உட்பக்கம் உறைந்திருந்தால் அந்த ஈரம்தான் காரணம். விளிம்பு உயர்ந்த இறப்பர் விரிப்பைப் போட்டு, தேங்குவதை அவ்வப்போது ஊற்றிவிட வேண்டும். விரிப்பில் பூத்த வெள்ளைக் கறைக்கு, வினாகிரியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவித் துடைத்தால் போதும்.

ஏப்ரலில் மழை இரண்டு மூன்று தடவை பெய்து வீதியைக் கழுவிய பிறகு, வெளிக்குழாயைத் திறக்கலாம். வருடத்தின் முக்கியமான கழுவல் அப்போதுதான் வருகிறது, ஏனென்றால் இனிச் சூடு ஏறப் போகிறது. உள்ளே மிஞ்சிய உப்பு கோடை முழுவதும் வேலை செய்யும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும், முன்னும் பின்னும் ஆடும் தெளிப்பானைக் காருக்கு அடியில் தள்ளிவிட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு அதைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இன்னொரு அரை மணி. அதற்கிடையில், கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள சின்ன வடிதுளைகளைப் பிளாஸ்ரிக் குச்சியால் குத்தி விடுங்கள். கம்பியால் குத்தினால் பெயின்ற் போய்விடும். போன வருடம் பின்கதவின் துளையொன்று மண்ணால் இறுகிப்போயிருந்தது. குத்தியதும் அரைக் கோப்பை தண்ணீர் கொட்டியது. கலங்கல் நிறம். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஆனையிறவு உப்பளப் பக்கம் வீசும் காற்றின் அதே கரிப்பு. கதவின் அடியில் அப்போது ஒரு மிளகளவு கொப்புளம் தொடங்கியிருந்தது. சுரண்டி, காயவைத்து, பெயின்ற் தொட்டேன். இந்த வருடம் அது பெருக்கவில்லை.